பாடத்தைக் குத்திப் பார்த்த ஊசியண்ணன்

எந்தப் பாடத்திலும் மூன்று வரிக்கு மேல் படிக்காத மாணவர் இந்தப் பூமியில் ஊசியண்ணன் ஒருவர்தான். இதை மறுப்பவர்கள் அவருடைய நோட்டைத் திருத்திப் பார்க்காதவர்கள்.

கொச்சியில், மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பது வருஷம் சரக்குத் தரம் பார்த்தவர் அவர். கையில் எப்போதும் குத்தூசி இருக்கும். மூட்டைக்குள் செருகி உருவினால் உள்ளே இருக்கும் சரக்கில் ஒரு கைப்பிடி வெளியே வரும். மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் உருட்டி, ஒரு மணியைக் கடித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கிடங்கை ஹோட்டலாக மாற்றினார்கள். புது முதலாளி வாசல் காவலுக்கு இவரையே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் வருகிறவர்கள் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதற்கு ஏழாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர், ஒரு நோட்டோடு, பெரியவர்களுக்கு நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே சம்பளமில்லாத வாத்தியார்.

"மலையாளமா, தமிழா, எதுல எழுதப் போறீங்கண்ணே?"

"தமிழ் மதி, தமிழே போதும் சாரே. சண்ட போட நமக்கு அதானே வசதி!"

சண்டை முதல் வாரமே வந்தது. முத்து என்ற மீனவனின் கதையைக் கொடுத்து, 'படித்துப் பதில் எழுதுக' என்று சொல்லியிருந்தேன். மற்றவர்கள் விரல் வைத்து முதல் வரியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் நோட்டை நீட்டிவிட்டார். அதில் இருந்த விடை இதுதான்: 'முத்து நல்லவன். கடலில் செத்தான். பதினாறாம் நாள் காரியத்தில் பாயசம் போட்டார்கள்.'

கதையின் முதல் வரி, 'முத்து நல்லவன்.' நடுவில், 'படகு கவிழ்ந்தது.' கடைசியில், 'ஊரே பாயசம் சாப்பிட்டது.' மூன்று குத்து, முடிந்தது. கதையில் அவனை வைப்பின் தீவுக்காரப் பெண் ஒருத்தி காப்பாற்றிக் கல்யாணமும் செய்துகொள்கிறாள். ஊர் சாப்பிட்டது கல்யாணப் பாயசம்!

"அண்ணே, முழுசாப் படிக்கணும்."

"மூட்ட மொத்தத்தையும் அவுத்துக் கொட்டினா எப்பத் திரும்பக் கட்டறது சாரே? ஒரு நாளைக்கு முந்நூறு மூட்ட பாத்த கையாக்கும் இது!"

கவிதைப் பாடம் இன்னும் மோசம். மகளைப் பிரிந்த தாய் எட்டு வரிக்கு அழுகிறாள். 'கவிதையைப் பற்றி உன் கருத்து என்ன?' என்ற கேள்விக்கு அண்ணன் எழுதியது: 'ஈரம் கூடுதல். இன்னும் ஒரு வெயில் காயணும்.' எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஆனால் மதிப்பெண் போட வழியில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லோருடைய நோட்டையும் ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். இட்லிக் கடை செல்வியக்கா கூடத் தேறிவிடுவார். ஊசியண்ணன் நோட்டில் ஒரு விடைகூடச் சரியில்லை. இந்த மனிதருக்கு வேலை போய்விடுமே! அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாடத்தை விட்டுவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்.

"அண்ணே, மூணு குத்துல மூணு தினுசா சரக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"அய்யோ, அது கள்ளச் சரக்கு சாரே, கலப்படம்! தார்ப்பாய் விரிச்சு, ஒரு மணி விடாமக் கொட்டிப் பாத்துருவோம்."

"சரி. நல்லவன், படகு கவிழ்ந்துச்சு, பாயசம். இது மூணும் ஒரே சரக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கதையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. செல்வியக்கா சாயா குடித்துவிட்டே வந்துவிட்டார். படகு கவிழ்ந்த இடத்தில் அண்ணனின் விரல் நின்றது. அதைத் தாண்டி இரண்டு வரி போனதும் எழுந்து குதித்தார்.

"சாரே! இவன் சாகல! அந்தப் பொண்ணு முடியப் பிடிச்சு இழுத்துட்டா! நாந்தானே பாவம் இவனைக் கொன்னது!"

கண்ணில் தண்ணீர். முத்துவின் சொந்த அண்ணனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. அன்றிலிருந்து எல்லாப் பாடமும் அவருக்குக் கள்ளச் சரக்குதான், ஒரு வரி விடாமல் கொட்டிப் பார்த்தார். தேர்வறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர் அவர்தான். தட்டுத் தடுமாறித் தேறியும் விட்டார்.

அதன்பின் நான் கோவைக்கு வந்துவிட்டேன். போன வருஷம் நண்பர் மகளின் கல்யாண வரவேற்பு அந்த ஹோட்டலில் நடந்தது. வாசலில் தொப்பியும் சீருடையுமாக ஊசியண்ணன். என்னைக் கண்டதும் பதிவேட்டைத் திறந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு தானே எழுதினார். என் பெயர், ஊர், நேரம். கடைசிக் கட்டத்தில், 'வந்த காரணம்'. அதை மட்டும் என்னைக் கேட்கவே இல்லை. 'என்னைப் பார்க்க' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சரியா சாரே?"

"சரிதாண்ணே" என்றேன். வரவேற்பு முடிகிற வரை அவர் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.