என்ஜின் மூடிமேல் ஒரு டம்ளர்

டம்ளர் மறுபடியும் நகர்ந்தது. லாரி நின்ற இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்க, கேபினுக்குள் என்ஜின் மூடியின் நடுவில் வைத்த டம்ளர் தள்ளாடித் தள்ளாடி விளிம்புக்கு வந்து, நிதானத்தின் மடியில் கவிழ்ந்தது.

"இன்னிக்கு இது ரெண்டாவது பேன்ட்டுங்க," என்றாள் வாசலில் நின்ற மனைவி.

நிதானம் என்பது தெரு வைத்த பேர். லாரி ஓட்டுகிற விதத்தைப் பார்த்து வைத்தது. மனசைப் பார்த்திருந்தால் வேறு பேர் வைத்திருப்பார்கள். சின்னக் கவலை ஒன்று கிடைத்தால் போதும், அதைக் கட்டிக்கொண்டு விடியவிடியப் புரளுகிற மனுஷன். இப்போது கிடைத்திருந்ததோ பெரிய கவலை.

மனைவியின் அண்ணன் கண்ணாடித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். செங்கல்லும் மணலும் அடித்துக்கொண்டிருந்த தங்கை புருஷனுக்கு, தூர ஊர்களுக்குக் கண்ணாடி ஏற்றிப் போகும் நிரந்தர வேலையைப் பேசி வைத்திருந்தார். ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை அதிகாரி வந்து, ஓடும் என்ஜின்மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை வைப்பார். சிந்தினால் வேலை இல்லை. சிந்தாவிட்டால் மாதத்தில் பாதி நாள் வீடு இல்லை.

இந்த இரண்டாவது விஷயத்தை நிதானம் யாரிடமும் சொல்லவில்லை. கேபினில் தனியாகப் படுத்து, எந்த ஊர் என்று தெரியாமல் கண்விழிப்பதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் மனைவி சேதி வந்த அன்றே தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வந்து, "நல்ல வேலைங்க, விட்டுடாதீங்க," என்றாள். அவரும் தலையை ஆட்டி வைத்தார்.

போதாத காலம், மறுநாளே லாரிக்கு உதறல் கண்டது. ஓடும்போது சாதுவாக ஓடும். நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் ஐடிலில் விட்டால் குளிர்ஜுரக்காரன் மாதிரி உதறும்.

முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினார். பலனில்லை. பிறகு ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினார். உதறல் அப்படியே இருக்க, இரைச்சல் மட்டும் தெருவை நிறைத்தது. எதிர்க்கடைத் தையல்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருடைய ஜன்னலும் லாரி கேபினும் ஒரே மட்டம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற சீசன் என்பதால் விடியுமுன்பே விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள்.

"அண்ணே, ஜன்னலே ஆடுது. கால்சட்டை தைச்சா பாவாடை மாதிரி வருது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கப்பா."

அடுத்து, என்ஜினைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றினார். புது ரப்பர் கல்லாக இருந்தது. பழைய உதறலோடு இப்போது கண்ணாடியும் கதவும் சேர்ந்து ஆடின. ஏற்கெனவே பூட்டுப் பிடிக்காத கதவின் கைப்பிடி, கையோடு வந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கடைசியில் 'காது' மெக்கானிக்கைக் கூப்பிட்டார். காது என்ஜினை மேலும் கீழும் பார்ப்பதில்லை. ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின்மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, ஒட்டுக்கேட்கிற மாமியார் போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

"டீசல் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணு தம்பி. நல்ல சிலிண்டர்னா சத்தம் மாறும். மாறலைன்னா அதுதான் படுத்துக்கிச்சுன்னு அர்த்தம்."

மூன்றாவதற்கு வந்தபோது விஷயம் புரிந்தது. அந்த நட்டு ஏற்கெனவே தளர்ந்து, டீசல் கசிந்துகொண்டிருந்தது. இறுக்கினார்கள். டம்ளர் வைத்த இடத்தில் நின்றது. நிதானத்துக்குப் போன உயிர் திரும்பியது.

அன்று சாப்பாட்டின்போது மனைவிக்குப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வகுப்பே எடுத்தார்.

"இதெல்லாம் நட்டுன்னு வச்சுக்க. ஒண்ணு அரைத் திருகு தளர்ந்தா போதும், மொத்த வண்டியும் உதறும்."

"அரைத் திருகா? கையாலயே திருகலாமா?"

"கையால முடியாது. பதினேழாம் நம்பர் ஸ்பானர் வேணும்."

"பதினேழா," என்று கேட்டுக்கொண்டாள். இவளுக்குத்தான் நம் வேலைமேல் எவ்வளவு அக்கறை என்று அவருக்கு மனசு குளிர்ந்தது.

காலையில் லாரி உதறியது. இந்தத் தடவை முதல் நட்டு. அதை இறுக்கினால், அடுத்த நாள் நாலாவது. காதின் முகம் தொங்கிப்போயிற்று.

"வண்டி குலுங்கறதால நட்டு லூஸாகுது. நட்டு லூஸாகறதால வண்டி குலுங்குது."

"இதுல எது முதல்ல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்?"

வியாழக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, புது நட்டுகள் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்கள். சாயங்காலம் டம்ளர் அசையவில்லை. ஆனால் நிதானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு வண்டி காலை வாரிடுச்சுன்னா உங்கண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? தெருவுல உனக்கும்தானே தலைகுனிவு?"

மனைவி அவரையே பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "நல்லபடியா நடக்கும். சாப்பிடுங்க," என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை அவள் எழும்புமுன் நிதானம் எழுந்துவிட்டார். கூடத்தில் அவருக்காக அவள் கட்டி வைத்திருந்த பை. திறந்து பார்த்தார். சட்டைகள், போர்வை, அடியில் அவளுடைய தலையணை. அவருடையது இல்லை, அவளுடையது. போவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். வாயால் சொல்லத்தான் தைரியம் இல்லை. அதை லாரியே சொல்லட்டும்.

ஸ்பானர் டூல் பெட்டியில் இல்லை. தேடித் தேடி, அடுப்படியில் கரண்டிகளுக்கு நடுவே கிடைத்தது. கவலையில் நாமே கொண்டுபோய் வைத்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். எதிர்க்கடையில் விளக்கு எரிந்தது. தையல்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. நிதானம் கேபினில் ஏறி, மூடியைத் தூக்கி, இதுவரை முறை வராத இரண்டாவது நட்டை ஒரு முழுத் திருகு தளர்த்தினார். ஸ்பானரைக் கரண்டிகளோடு வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வரும்போது மனைவி காலிக் குப்பைக் கூடையோடு வாசலில் நுழைந்தாள்.

"குப்பை கொட்ட இவ்வளவு நேரமா?"

"கூட்டம்," என்று உள்ளே போனாள்.

அதிகாரி வந்தார், கூடவே மனைவியின் அண்ணனும். என்ஜின் மூடிமேல் டம்ளர் ஏறியது. நிதானம் சாவியைத் திருப்பிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிந்து, சிந்து என்று மனசு அடித்துக்கொண்டது. அதிகாரியின் பேன்ட்டைத் துடைக்க, தோளில் ஒரு துண்டுகூடத் தயாராக இருந்தது.

கண்ணைத் திறந்தார். தண்ணீரில் ஓர் அலை இல்லை.

"பழைய வண்டின்னு சொன்னா நம்ப முடியல," என்றார் அதிகாரி. "திங்கட்கிழமை வந்து லோடு ஏத்துங்க."

அண்ணன் நிதானத்தின் முதுகில் தட்டிவிட்டு அவரோடு போய்விட்டார். வாசலில் கணவனும் மனைவியும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"சந்தோஷம்தானே உனக்கு?" என்றார் அவர்.

"சந்தோஷம்தான். உங்களுக்கு?"

"எனக்கென்ன குறை."

ஜன்னலில் தையல்காரர் பல்லில் நூலைக் கடித்து அறுத்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். இத்தனை நாளா விடியக்காலையில அண்ணி ஸ்பானரோட வந்து லூஸ் பண்ணுவாங்க, அப்புறம் நீங்க இறுக்குவீங்க. இன்னிக்கு நீங்க லூஸ் பண்ணிட்டுப் போறீங்க, பின்னாலயே அண்ணி வந்து ஒவ்வொரு நட்டா தொட்டுப் பார்த்து அழுதுகிட்டே இறுக்கறாங்க, நடுவுல முறையை ஏன் மாத்திட்டீங்க?"