கறுப்பியின் கழுத்துத் தகடு

அன்று காலை அறையில் இருந்தவர்கள்: கப்பலிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர், மிருக வைத்தியர் டாக்டர் அருளப்பன், அவருடைய குமாஸ்தாவாகிய நான். இல்லாதவள் கறுப்பி. அவளைப் பார்க்கத்தான் நாங்கள் மூவரும் கூடியிருந்தோம்.

கறுப்பி ஒரு நாய். நாய்களுக்கு வரும் புற்றுநோயைப் பற்றி எங்கள் டாக்டர், டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். (ஏற்கெனவே டாக்டராக இருப்பவர் மறுபடி ஏன் டாக்டராக வேண்டும் என்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.) பினாங்குத் தெருக்களில் மண்டியிட்டு, சேற்று நாய்களின் வயிற்றைத் தடவிக் கட்டி தேடிய மனிதர் அவர். நாய்களுக்கு எண் போடமாட்டார். ஆராய்ச்சித் தாளிலும் பெயரைத்தான் எழுதுவார். கறுப்பியின் மடியிலிருந்து அவர் அறுத்தெடுத்த கட்டி, ஒன்றரை வருடமாகியும் திரும்ப வரவில்லை. அறுத்த இடத்தைப் பேராசிரியர் தம் கையால் தொட்டுப் பார்த்தால்தான் ஆராய்ச்சி தேறும். கப்பலோ மாலையில் கிளம்பிவிடும்.

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே காகிதத்தில் ஏறாத எதையும் நம்பமாட்டேன். 'இந்த நாய்தான் அந்த நாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று பேராசிரியர் கேட்டுவிட்டால்? அதற்கு முந்தின நாள் எடை பார்க்க வந்த கறுப்பியின் கழுத்திலிருந்து லைசென்ஸ் தகட்டைக் கழற்றி, அவளுடைய ஃபைலில் சாக்கு நூலால் நாலு தையல் போட்டுத் தைத்துவிட்டேன். (அழகாக இருந்தது. இன்றும் சொல்வேன்.)

கறுப்பியை வளர்த்த சலவைக்காரச் செல்லம்மா அக்கா, அன்று காலை வெறும் கயிற்றோடு வந்து நின்றார்.

"டாக்டரய்யா, கறுப்பிய நாய்வண்டிக்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான்! கழுத்துல தகடு இல்லியாம். பன்னண்டு மணிக்குச் சுட்டுருவாங்களாம்!"

"தகடு பத்திரமா இருக்குக்கா," என்று ஃபைலைத் திறந்து பெருமையோடு காட்டினேன்.

அக்கா தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, லைசென்சு நாய்க்கா, காயிதத்துக்கா? படிச்ச புள்ளன்னு நம்பி விட்டுட்டுப் போனேன்லா!"

டாக்டர் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. "ரிக்ஷா கூப்பிடு தம்பி," என்றார். பேராசிரியரும் தொப்பியை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

நாய்ப்பட்டிக் காவல்காரர் கறாரான மனிதர். "தகட்ட நாய் கழுத்துல மாட்டிக் காட்டுங்க. அபராதத்தக் கட்டுங்க. கூட்டிட்டுப் போங்க." மணி பதினொன்றே முக்கால். கறுப்பியோ ஒரு பலகைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டாள். அக்கா எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. கையோடு கொண்டுவந்த ஃபைலில் என் தையலும் வரவில்லை. பல்லால் கடிக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் டாக்டர், பேராசிரியருக்காகவே உடுத்தி வந்த வெள்ளைக் கோட்டோடு, அந்தச் சேற்றில் குப்புறப் படுத்துப் பலகைக்கு அடியில் ஊர்ந்தார். "என்னம்மா, பயந்துட்டியா?" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. பிறகு, "சார், நீங்களே தொட்டுப் பாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் கூவினார். பேராசிரியர் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு அவரும் ஊர்ந்தார். பலகைக்கு வெளியே இரண்டு ஜோடி சப்பாத்துக் கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே இரண்டு பெரிய மனிதர்கள் பள்ளிப் பிள்ளைகளைப்போல் குசுகுசுவென்று மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அத்தாட்சியை யாருமே கேட்கவில்லை. பழைய தழும்பைத் தடவிப் பார்த்ததே பேராசிரியருக்குப் போதுமாக இருந்தது. அங்கே சுத்தமான சட்டையோடு நின்றவன் நான் ஒருவன்தான், வெட்கமாக இருந்தது. கடைசி நூல் அறுந்தபோது என் முன்பல்லும் ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கையில், டாக்டர் வெளியே தூக்கி வந்த கறுப்பியின் கழுத்தில் தகடு ஏறியது.

டாக்டருக்குப் பட்டம் கிடைத்தது. வீட்டில் மூக்குக்கண்ணாடி காணோம் என்றால் என் மனைவி இன்றும் கேட்பது: "எந்த ஃபைல்ல தைச்சு வச்சிருக்கீங்க?"

அபராதம் இரண்டு வெள்ளியை (எங்கள் ஊரில் டாலருக்கு அதுதான் பெயர்) நானே கட்டினேன். இனி கறுப்பி உள்ளவரை அவள் லைசென்ஸ் என் பொறுப்பு என்று அக்காவிடம் வாக்கும் கொடுத்தேன். வருடத்துக்கு ஒரு வெள்ளி. டாக்டரின் கைராசி, அவள் இன்னும் ஐந்து வருடம் இருந்தாள். ஆக மொத்தம் ஏழு வெள்ளி. எட்டாகவில்லையே என்பதுதான் என் வருத்தம்.