போர்மேன் வீட்டு உளுந்துத் தொட்டி

ஒரு தொட்டி உளுந்து எந்த நிமிடமும் வெடித்துவிடும் என்பதுபோல நடந்துகொண்ட மனிதர் சிவகாசியில், ஏன், தமிழ்நாட்டிலேயே எங்கள் எதிர்வீட்டுப் போர்மேன் ஒருவர்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்கு வெளியே அது புழங்கி நான் கேட்டதில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் இடத்துக்கு அவர் பொறுப்பு. எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை.

கம்பெனிச் சட்டம் முழுவதையும் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பது, என் பேத்தியின் காதுகுத்துக்கு அழைக்கப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"செல்போன் இருந்தா திண்டு மேல வச்சிருங்க அண்ணாச்சி. செருப்பு அங்கன."

இரண்டையும் விட்டுவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நில்லுங்க! ஒரு ரூமுக்கு நாலு பேருதான் கணக்கு. ஏற்கெனவே நாலு இருக்கு. வெளிய நின்னே பேசுங்க."

எண்ணிப் பார்த்தேன். போர்மேன், மனைவி செல்வி, மூன்று வயது மகள் மாரி. மூன்றுதான்.

"நாலாவது யாருப்பா?"

மூலையில் நின்ற காஸ் சிலிண்டரைக் காட்டினார். "அதையும் ஒரு ஆளாத்தான் வைக்கணும்."

நாற்பது ஆண்டு தீப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டாக் கிளார்க்காக இருந்தவன் நான். சிலிண்டரை ஆள் கணக்கில் சேர்த்தவரை அன்றுதான் பார்த்தேன். பத்திரிகையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வீட்டில் சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. மாரி எதையும் தொடமாட்டாள். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, குளிரில் நிற்கும் கிழவியைப்போல நிற்பாள். கையில் ஒரு முறுக்கைத் திணித்தால் அலறுவாள். பொம்மையைக் காலால் தள்ளுவாள். சோறும் ஊட்டினால்தான்.

காரணத்தைச் செல்வி என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்.

"சாயங்காலம் இவுக வேல விட்டு வந்தா, பிள்ள 'அப்பா'ன்னு ஓடும் அண்ணாச்சி. இவுக கையில மருந்து சாம்பலா அப்பியிருக்கும்லா. 'தொடாத! தொடாத!'ன்னு ஊரே கேக்கக் கத்திக்கிட்டுப் பின்னால குதிப்பாக. குளிச்சிட்டு வந்தாலும் அதே சத்தம்தான். பிள்ள பாத்துச்சு, கைய உள்ள வச்சிருச்சு."

விருதுநகரில் ஒரு குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் மாத்திரை எழுதவில்லை. தொட்டி தொட்டியாகத் தானியம், மண், பஞ்சு என்று வைத்துக் குழந்தையைக் கைவிட்டு அளைய விடுங்கள், பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் கை திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சிரமம் என்று சொல்லி அனுப்பினார்.

இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் ஒரு படி அரிசியைக் கொட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். போர்மேன் ஆலை கட்டினார்.

மொத்தம் ஏழு பிளாஸ்டிக் தொட்டிகள். உளுந்து, ஜவ்வரிசி, சாயம் போட்ட பச்சரிசி, ஊறவைத்த வெந்தயம், ஆற்று மணல், பஞ்சு, கலர் காகிதத் துண்டு. மருந்து செலுத்தாத வெறும் காகிதக் குழாய்கள், ஊற்றி விளையாட. அள்ளுவதற்கு மரக்கரண்டி, இரும்பு தொட்டிப் பக்கமே வரக்கூடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி. உளுந்தை மூன்று தடவை சலித்தார், அதில் ஒரு கல் கிடந்து உரசிவிட்டால் என்ன ஆவது என்று.

"உளுந்து உரசினா என்னப்பா ஆகும்? மாவாகும்!" என்றேன் ஜன்னலுக்கு வெளியே நின்று.

"பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி. இன்னைக்கு உளுந்துல விட்டா நாளைக்கு மருந்துல விடும்."

பிறகு மகளிடம் திரும்பி, "மெதுவா, தாயி. பதறாம. தேய்க்காம. கொட்டாம. அள்ளு," என்றார்.

இத்தனை சட்டத்தைக் கேட்டால் நானே கையை அக்குளில் செருகிக்கொள்வேன். மாரி ஏழு தொட்டிகளையும் சுற்றி வந்து, ஏழையும் பார்த்துவிட்டு, அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். அன்றும் அப்படி, மறுநாளும் அப்படி. தீபாவளி சீசன் வந்து, போய், ஆர்டரெல்லாம் ஓய்ந்தது. ஜவ்வரிசியில் வண்டு வைத்து, மாற்றியும் ஆயிற்று. அந்தக் கை வெளியே வரவில்லை.

"விட்டுத்தள்ளுங்க, அதுவா வரும்," என்று செல்வி சொன்னாள். போர்மேன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டம் பேசாத முதல் நாள் அதுதான். எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். பேப்பர் இரவல் கேட்க எதிர்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

தரையில் எட்டாவதாக ஒரு தொட்டி. அது நிறைய, சாம்பல் வண்ணத்தில் மினுமினுவென்று பொடி. போர்மேன் இரண்டு கையையும் முழங்கைவரை அதற்குள் விட்டு அளைந்துகொண்டிருக்கிறார். எதிரே, ஒரு சாண் தூரத்தில், மாரி. அடுத்த அறையில் செல்வி கடுகு தாளிக்கும் சத்தம்.

அலுமினியப் பவுடர்! எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அந்த நிறம் தெரியும். பைத்தியம் முற்றி, மருந்தை வீட்டுக்கே அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்!

என் வயதில் அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. செருப்போடு உள்ளே பாய்ந்தேன், பிள்ளையை இடுப்போடு தூக்கினேன், தெருவுக்கு ஓடினேன். "மருந்துடோய்! எல்லாரும் ஓடுங்கலே!"

இந்தச் சத்தத்துக்கு எங்கள் தெருவில் யாரும் 'ஏன்' என்று கேட்கமாட்டார்கள். அடுப்பை அணைத்தவர்கள் அணைத்தபடி, தலையில் எண்ணெயோடு இருந்தவர்கள் எண்ணெயோடு, பின்புறத்துப் பொட்டலில் போய் நின்றார்கள். எண்ணினேன்: அறுபத்து மூன்று பேர், இரண்டு ஆடு. செல்வி கையில் கரண்டி.

கடைசியாகப் போர்மேன் வந்தார். இரண்டு கையும் சாம்பல் நிறம். அவர் ஒரு அடி வைக்க, கூட்டம் நாலடி பின்வாங்கியது.

"ஏலே, கிட்ட வராத!" என்று நான் கத்தினேன்.

"பச்சரிசி மாவு அண்ணாச்சி," என்றார். ஒரு விரலை நக்கிக் காட்டினார். "சிரட்டைக் கரிய அரைச்சுக் கலந்தேன். மினுமினுப்புக்குக் கொஞ்சம் ஜிகினாத் தூள்."

"கரியும் மாவுமா? என்னத்துக்குடா இந்தக் கூத்து?"

"தொடாத தொடாதன்னு இந்த நெறத்தத்தான சொல்லிக்கிட்டே இருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு தோணுச்சு. அதான்."

 ஜிகினாவும் கரியும்தான் என்று தெரிந்த பிறகும் ஒருவரும் அவர் பக்கம் போகவில்லை. அந்த நிறம் அப்படி. அவரைச் சுற்றிப் பொட்டல் வெறுமையாகக் கிடந்தது.

மாரி என் இடுப்பிலிருந்து நெளிந்து இறங்கினாள். கை அக்குளில். நடந்தாள். அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, அவர் கையை வெகுநேரம் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் எதையோ சொல்லிவிடப் போகிறார் என்று செல்வி கரண்டியை ஓங்கினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அவருடைய பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்தாள். தேய்த்தாள். தன் உள்ளங்கை சாம்பலாவதைப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

போர்மேன் அசையவில்லை. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று குனிந்த இடுப்பு குனிந்தபடியே நின்றார். கூட்டம் கலைந்தது. "சோறு ஆறுது, வாங்க," என்றாள் செல்வி.

"இருடி," என்றார், உதடு மட்டும் அசைய.

எங்கள் ஊர் நடுப்பகல் வெயில் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்து வந்து, இரண்டு தலைக்கும் மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் தேய்த்து முடிக்கும்வரை நின்றேன்.