கொட்டாவி விடாத மாப்பிள்ளை

உசிலம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

என் மேல் மிகுந்த கோபத்துடனும் மற்றபடி பூரண சுகத்துடனும் சோழவந்தானில் இருக்கும் மச்சான் சோணைமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை முத்துத்தாயின் கணவன் உக்கிரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் தங்கை, மகள் தமிழ்ச்செல்வி, நாய் எல்லோரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைப் போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். தங்கை நம்பரிலிருந்து அடித்தாலும் என் இருமல் சத்தம் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். ஆகவே தபாலை நம்பி எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படிக்கவும். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுபோன கல்யாணம் நிற்கவில்லை. ராம்கிதான் மாப்பிள்ளை, ஆவணியில் முகூர்த்தம். தாங்கள் பேசிக் கொண்டுவந்த சம்பந்தம் தங்கள் பேரைக் கெடுக்காமல் பிழைத்துக்கொண்டது. எனக்கு இப்போதுதான் மச்சான் சோறு தொண்டையில் இறங்குகிறது.

நடந்ததற்கு நான் மட்டும் காரணமில்லை. கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவனுக்கு மகள் போன் வாங்கிக் கொடுத்தது முதல் தப்பு. அதில் ‘மூளைக்குள்ளே’ என்று ஒரு சேனல், கண்ணாடி போட்ட ஒரு தம்பி மனுசன் ஏன் நகம் கடிக்கிறான், ஏன் பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுகிறான் என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சொல்லும். அந்தத் தம்பி ஒருநாள் என்ன சொன்னதென்றால், ஒருத்தர் கொட்டாவி விட்டால் பார்க்கிறவர் மூளை அதை அப்படியே காப்பி அடிக்குமாம். பாசமும் இரக்கமும் உள்ளவர்களுக்கு உடனே ஒட்டுமாம், கல்நெஞ்சுக்காரனுக்கு ஒட்டவே ஒட்டாதாம். எனக்குச் சுருக்கென்று உறைத்தது மச்சான். விடியற்காலை வண்டியில் டிரைவருக்குப் பின்சீட்டில் ஒருத்தர் வாயைப் பிளந்தால் செக்கானூரணி போவதற்குள் கடைசி சீட்டுவரை போய்ச் சேர்ந்துவிடும். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிக்கிறவன் மட்டும் விட மாட்டான். இது சர்வீசில் நான் கண்ணால் கண்டது. வீட்டிலும் சோதித்தேன். நான் விட்டேன், தங்கள் தங்கை விட்டாள், மகள் விட்டாள், வாசலில் படுத்திருந்த நாய் கருப்பும் விட்டது. நம் குடும்பம் ஈரமுள்ள குடும்பம் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையோடுதான் பேசி முடிக்க வந்த அன்று மாப்பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பையன் திருமங்கலத்தில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருக்கிறான், கெட்ட பழக்கமில்லை, எல்லாம் தாங்கள் சொன்னதுதான். ஆனால் நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று யாரிடம் விசாரிப்பது? ஒரே பிள்ளையைப் பெத்தவன் வயிறு சும்மா இருக்குமா? அவன் முகத்தைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டேன். பயல் அசையவில்லை. இன்னும் பெரிதாக ஒன்று, வாய்க்கு நேரே சொடக்குப் போட்டு விட்டேன். அவன் அப்பா விருமாண்டி விட்டார், அவன் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு விட்டது. தாங்களும் விட்டீர்கள் மச்சான், மறுக்காதீர்கள், நான் பார்த்தேன், தங்கள் மனசு தங்கம். கூடம் முழுக்க ஆளாளுக்குச் சொடக்குப் போடுகிறார்கள், இவன் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். போதாக்குறைக்கு அவன் கண் வேறு கலங்கியது. சரிதான், வேறெங்கோ மனசைக் கொடுத்துவிட்டு இங்கே அழுத்தி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். அந்த நேரம் பார்த்து நாய் நிலைப்படியில் நின்று ஆவென்று விட்டதா, எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“எங்க கருப்புக்கு இருக்குற ஈரங்கூட ஒங்க பையனுக்கு இல்லையே சம்மந்தி!” என்று சொல்லிவிட்டேன்.

விருமாண்டி நம் கருப்பசாமியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமிக்கு ஈடா மனுசன் இருக்க முடியுமாண்ணே?” என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் போய் விரலை நீட்டி நாயைக் காட்டித் தொலைத்தேன். அப்புறம் அவர் துண்டை உதறித் தோளில் போட்டதும், அந்தம்மா தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்ததும் தாங்கள் அறிந்ததே. “மாப்ள, நீ பொண்ணு குடுக்க ஒக்காந்தியா, தூங்க ஒக்காந்தியா?” என்று கேட்டுவிட்டுத் தாங்கள் பஸ் ஏறியதும் அறிந்ததே. தாங்கள் அறியாதது அதற்குப் பிறகு என் வீட்டில் நான் பட்டது. மகள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லும், சாப்பிடச் சொல்லு என்று. அதற்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது மச்சான், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஒங்களத்தான் காட்டணும்” என்று தங்கள் தங்கை என்னை மதுரைக்கு இழுத்துப் போனாள். வசுந்தரா என்று ஒரு மனநல டாக்டரம்மா, சின்ன வயசுதான், பொறுமைசாலி. முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்த டாக்டரம்மா கையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டது. “ஒங்களுக்கு இரக்க மனசும்மா” என்றேன். “அய்யா, கொட்டாவி கொட்டாவின்னு பேசிக்கிட்டே இருந்தா யாருக்கும் வரும். சிலருக்கு ஒட்டும், சிலருக்கு ஒட்டாது. அத வச்சு ஒருத்தர் மனச அளக்க முடியாது” என்று சிரித்தது. “ஒருத்தன் இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஒங்க மூளை அதுக்குச் சாதகமான சாட்சியை மட்டும் தேடித் தேடிக் கூப்பிடும். அவன் சும்மா இருந்தாலும் தப்பா தெரியும், கண் கலங்குனாலும் தப்பா தெரியும். எல்லாருக்கும் உள்ள கோளாறுதான்” என்றது. நெசந்தான் மச்சான். டிக்கெட் எடுக்கவில்லை என்று ஒருத்தனைச் சந்தேகப்பட்டுவிட்டால், அவன் ஜன்னல் பக்கம் திரும்பினாலும் திருடன், என்னைப் பார்த்துச் சிரித்தாலும் திருடன். கடைசியில் பாஸை எடுத்து நீட்டுவான். அப்படி எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்!

ஆனால் தப்பு என்று தெரிந்து என்ன செய்ய? அத்தனை பேர் முன்னால் விட்ட வார்த்தையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப எடுப்பது? நானா விருமாண்டி வாசலில் போய் நிற்பது? வீம்பு என்று தங்கள் தங்கை திட்டினாள். திட்டட்டும், கால் நகரவில்லை. படுத்தால் மகள் முகம், எழுந்தால் மகள் முகம். அப்படியே கிடந்தபோதுதான் நேற்று வாசலில் பைக் சத்தம். ராம்கி தனியாக வந்து நிற்கிறான்.

“மாமா, அன்னைக்கு எனக்கும் வந்துச்சு மாமா” என்றான். “கெளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டாக, மாமனார் வீட்டுல வாயவே தொறக்கக் கூடாதுன்னு. பல்லக் கடிச்சு அடக்குனேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சு, நீங்க கவனிக்கலையா?”

கவனித்தேனே மச்சான்! என் கண்ணாலேயே பார்த்தேனே! அடக்கின கொட்டாவியைத்தான் நான் அழுகை என்று நினைத்திருக்கிறேன். அம்மா சொல்லுக்காக அம்புட்டுக் கொட்டாவியையும் விழுங்கின பிள்ளை எப்பேர்ப்பட்ட பிள்ளை! என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். உடனே விருமாண்டிக்குப் போன் போட்டு, “சம்மந்தி, பையனுக்கு ஈரம் இருக்கு, உள்ளுக்குள்ள இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல” என்றேன். அவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மகள் என்னைப் பார்த்து, “சாப்புட வாப்பா” என்றது. ஆகவே மூளைச் சாத்திரம் பொய்யில்லை, சோதித்த முறையில்தான் சிறு பிசகு என்று இதனால் தெளிவாகிறது.

முதல் பத்திரிகை தங்களுக்குத்தான், நானே கொண்டு வாரேன். தாய்மாமன் மாலை இல்லாமல் எம்பிள்ளை மணவறை ஏறாது, அதை மட்டும் மனசில் வையுங்கள். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் கொடிக்கால் வெற்றிலை கொழுந்துவிட்டுத் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை விட்டால் வேறு நாதியற்ற
உக்கிரபாண்டி

பி.கு: அண்ணே, நான் முத்துத்தாய். கவரை ஒட்டிப் போடச் சொல்லி என்கிட்டக் குடுத்துட்டு இவரு டீ குடிக்கப் போயிருக்காரு. அந்தப் பையனுக்கு அன்னைக்குக் கொட்டாவியும் வரல, ஒண்ணும் வரல. கண்ணுல தண்ணி வந்தது நான் சுட்ட வடையில கெடந்த பச்சமொளகாயால. நேத்து வாசல் வரைக்கும் போயி, நெசமாவாப்பான்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டான். பெறகு ஏம்ப்பா இப்படிச் சொன்னேன்னு கேட்டேன். “அத்தே, மாமா மனசு எறங்கிட்டாரு, எறங்கி வாரதுக்குத்தான் வழி தெரியாம நிக்கிறாரு. அவருக்கு ஒரு காரணம் வேணும்ல, அதான் குடுத்தேன்”னான். இவருகிட்ட மூச்சு விட்றாதீங்க. நீங்களும் வழி தெரியாமத்தான் நிக்கிறீக, எனக்குத் தெரியும். காரணம் எதுவும் வேணாம்ணே, சும்மா வந்துருங்க.