சீமைக் கத்தரி

இனி செத்தாலும் தண்ணீர் வாளியைத் தொடுவதில்லை என்று மாயாண்டி முடிவு கட்டினார்.

மாசி வெயிலில் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமே காய்ந்து கிடந்தது. பள்ளத்துப் பீலிக் குழாயில் ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்து, மேட்டு லயத்து வீடு வரை தூக்கி வந்து, மனைவி நாகலெட்சுமியின் போஞ்சிக்காய்ப் பாத்திக்கு ஊற்றியே அவர் தோள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை முடிந்து வந்தால் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்க முடிகிறதா?

வழி துரை பங்களாவில் இருந்தது. துரைசாணி தன் சீமையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து நட்ட முட்செடி ஒன்று, ஊதாப் பூவும் ஊசி இலையுமாக, மற்றப் பூச்செடிகளை ஏறி மிதித்துக்கொண்டு நின்றது. தண்ணீரே கேட்காதாம். பங்களாத் தோட்டக்காரன் ஆண்டியப்பனிடம் நாலு கன்று கேட்டார். அவன் ஒரு சாக்கு நிறையக் கொடுத்து, லயத்து வாசல் வரை சுமந்தும் வந்தான். அப்போதாவது மாயாண்டி யோசித்திருக்கலாம்.

வாடிய போஞ்சியைப் பிடுங்கிவிட்டு அதை நட்டார். கொழுந்து பறித்துவிட்டு வந்த நாகலெட்சுமி கூடையை இறக்காமலே கேட்டாள்.

"என்னங்க இது?"

"சீமைக் கத்தரி புள்ள. தொரை தெனமும் இதத்தான் சாப்புடறாரு. அதான் அந்த நெறம்."

"தண்ணி?"

"ஒரு சொட்டு வேணாம்."

நாகலெட்சுமி மறுபேச்சுப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்திலும் அவருக்குப் பிடிபடவில்லை. நிம்மதியாகப் படுத்தார்.

மறுநாள் சோற்றுக்குச் சீமைக் கத்தரிக் குழம்பு. அதற்கடுத்த நாள் பொரியல். அப்புறம் துவையல். இலையிலிருந்த முள்ளையெல்லாம் சீவித்தான் போட்டாளாம். தொண்டை வேறு மாதிரி சாட்சி சொன்னது. நீ சாப்பிடவில்லையா என்று கேட்டால், துரைமார் சாப்பாடு தனக்கு ஒத்துவராது என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம் பார்த்துப் பிடுங்கினார். ஒடிந்த வேர் மறுபடி துளிர்த்தது. கொஞ்ச வாரத்தில் பூவெல்லாம் பஞ்சாகிப் பறந்து வாசலெங்கும் முளைத்தது. காயப்போட்ட சேலை, வேட்டி ஒன்று மிச்சமில்லை, எல்லாம் முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

நாகலெட்சுமிக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு.

"பாருங்க, தண்ணியில்லாமத் தானாப் பரவுது. இனி வருஷம் பூரா நமக்கு இதுதான் கறி."

மாயாண்டி தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"போஞ்சியே போட்டுருவோம் புள்ள. எனக்கு இது சூடு."

"தண்ணி?"

"நான் கொண்டாறேன்."

"இந்த முள்ளு?"

"வேரோட வெட்டி எறிஞ்சிர்றேன்."

வெட்டி எறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. கை முழுக்க முள். அப்படியும் வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு இறங்கும்போது, தப்பித்தோம் என்று அவருக்கு ஒரு சந்தோஷம். நாகலெட்சுமி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா பாத்திக்கும் சேத்து ஊத்திருங்க. இத்தன நாளும் நான் தின்னது அவங்க போஞ்சிதான். தண்ணிக்கு நீங்க இருக்கீங்கன்னு சொல்லித்தான் வாங்குனேன்."