பத்து சதவீதத்துக்கு இறங்கிய ஐஸ் வியாபாரம்

பெருமதிப்பிற்குரிய சின்னப்பையன் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, காசிமேடு ஐஸ் கடை தாமோதரன் வணக்கத்துடன் எழுதுவது. திருவொற்றியூரில் தாங்களும் வீட்டாரும் தங்கள் மகன் தீபனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். நான் போனில் பேசினால் காரியம் கெடுகிறது என்று என் சம்சாரம் குப்பம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சினேகாவைப் பெண் பார்க்க வந்தபோது, "யாவாரம்லாம் எப்டி கீது?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டீர்கள். "நல்லா போவுது" என்று பஜ்ஜித் தட்டை நகர்த்தியிருந்தால் இந்நேரம் தேதி குறித்திருப்போம். டி.வி.யில் நாட்டின் ஆண்டு வளர்ச்சி விகிதம் என்று தினமும் கேட்டு, நம் கடைக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒன்பதாவது வரை படித்தவனுக்கு இது தேவையா? "போன வருசம் நாப்பது சதவீதம் வளர்ச்சி, இந்த வருசம் பத்துக்கு எறங்கிச்சு" என்றேன். நீங்கள் கடித்த பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சினேகா பிடித்துக்கொண்டாள். "இன்னா நைனா, கடைய இழுத்து மூடப்போற மாதிரி சொல்லிட்ட? எறங்குனது வேகம்பா, யாவாரம் எறங்கல!" பி.காம். படித்த பெண் சொன்னது இது: போன வருடத்துக்கு முந்தின வருடம் புயல் புயலாக வந்து படகு போகாமல், மீனுக்குப் போடும் ஐஸ் பார் ஒரு நாளைக்கு நூறுதான் விற்றது. போன வருடம் நூற்று நாற்பது, நாற்பது சதவீதம். இந்த வருடம் நூற்று ஐம்பத்து நான்கு. கூடியது பதினான்கு, ஆனால் நூற்று நாற்பதின் மேல் கூடியதால் பத்து சதவீதம்தானாம். என் ஆயுளில் இவ்வளவு ஐஸ் விற்றதில்லை, விகிதம் மட்டும் இறங்குகிறது! பாதிதான் புரிந்தது என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

அதோடு விட்டேனா? பத்து என்பது சின்னதாகத் தெரிந்ததால் பெரிதாக ஒன்றைத் தேடினேன். மே மாதம் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில், ஒரு நாளைக்கு நாலு பார். தடை முடிந்து ஜூன் கடைசியில் நூற்று அறுபது. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் சதவீதம்! உடனே உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சொன்னதும் கட்டாகிவிட்டது. ஐஸுக்குள் வேறு எதையாவது வைத்து விற்கிறேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தடக்காலத்தோட வெச்சிப் பாத்தா ஹார்பர்ல கீற பூனகூட மூவாயிரம் சதவீதம் கொழுத்திருக்கும்யா!" சினேகாவோ, "மாசத்துக்கு மாசம் பாக்காத நைனா, வருசத்துக்கு வருசம் பாரு. ஜூனுக்கு ஜூன், மேக்கு மே" என்றாள். சரியென்று மேக்கு மே பார்த்தேன். போன மே எட்டு பார், இந்த மே நாலு. மைனஸ் ஐம்பது! இதை மட்டும் உங்களிடம் மறைத்துவிட நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆகவே ஐயா, இந்த மூன்றில் பிடித்த விகிதத்தை வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். அவளுக்குத் தீபனைப் பிடித்திருக்கிறது. என் வாயால் இது கெட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

வடிவுடையம்மன் அருளால் உங்கள் வலை கனக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
குழம்பியிருக்கும்
தாமோதரன்

பி.கு.: உறையில் போடும்போது குப்பம்மா வந்து சொல்கிறாள்: "லெட்டரா? சம்பந்தியம்மா காலைலயே போன் பண்ட்டாங்கயா. நிச்சயத்துக்கு நாள் பாத்தாச்சாம். அவரு எழுந்து போனது அவங்க படகு இஞ்சின் ரிப்பேருன்னு ஆள் கூப்ட்டதால. போன் கட்டானது டவர் இல்லாம. நீ சொன்னதுல அவருக்கு ஒரு வார்த்தகூட புரியலையாம், சும்மா தலையாட்டினாராம்." கிழித்துப் போடச் சொல்கிறாள், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. எனவே சம்பந்தி அவர்களே, மேலே உள்ளது எதையும் படிக்காமல் நேராக இந்த இடத்துக்கு வந்துவிடவும். வியாபாரம் நல்லா போவுது.