மொட்டையடித்த பூத்தோட்டம்

கூச்சக்காரர் பிழை செய்யக் கூடாது. பிடிபட்டால் வாயில் ஒரு பொய்கூட வராது. எனக்கு வராத பொய்யை என் மகள் சுதா சொன்னாள். அதோடுதான் இன்றுவரை குடித்தனம் நடத்துகிறேன்.

இவருடைய (என் கணவர், பெயர் சொல்லிப் பழக்கமில்லை) ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள். படத்துக்கு என் கையால் மாலை கட்டிப் போட வேண்டும் என்று ஒரு கிழமையாக முணுமுணுத்தேன். கடைப் பூவில் காம்புதான் நீளம், மாலை கட்டப் பூக் காணாது. முணுமுணுப்புத் தாங்காமல் சுதா என்னை, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். வேண்டியதை நாமே ஆய்ந்து எடுக்கலாமாம். ஒரு பக்கம் ஸ்ட்ரோபெரி, மறுபக்கம் பூ.

"அம்மா, நீங்கள் பூ ஆயுங்கோ. கத்தி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்ட்ரோபெரிப் பக்கம் போய்விட்டாள். 

பூ ஆயக் கத்தியா? காம்பை முறித்தால் செடி நோகும், மொட்டில் கை வைத்தால் பாவம் என்று வளர்ந்தவள் நான். மலர்ந்த செவ்வந்தியாகப் பார்த்து, தலையை மட்டும் நோகாமல் கிள்ளினேன். அரை மணித்தியாலத்தில் பை நிறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று வரிசையும் நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்த பிள்ளைகள்போல நின்றன. எனக்கு அது வடிவாகத்தான் தெரிந்தது.

தோட்டக்காரிக்கு அப்படித் தெரியவில்லை. முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட அந்த மனுசி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். என் பையைக் காட்டினாள், வெறும் தண்டுகளைக் காட்டினாள். (இந்த ஊரில் பூவைப் போத்தலில் நிறுத்துவார்கள். அவர்களுக்குக் காம்புதான் பூ. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.) எனக்கு இருந்த ஒரே பயம், பையைப் பறித்துவிடுவாளோ, நாளைக்கு இவர் வெறும் கழுத்தோடு இருப்பாரோ என்பதுதான்.

சுதா மூச்சு வாங்க வந்தாள்.

"ஐயோ அம்மா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஆயச் சொன்னாய், ஆய்ஞ்சனான்."

"வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. நான் கதைக்கிறன்."

(அதை எனக்குச் சொல்லவே தேவையில்லை.)

அவள் தோட்டக்காரியிடம் தாழ்ந்த குரலில் டொச்சில் கதைத்தாள். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: டெமென்ஸ். எங்கள் மேல்மாடிக் கிழவி செத்துப்போன புருசனைத் தேடி இரவுச் சட்டையோடு தெருவுக்கு இறங்குவாள். அவளுக்கு அந்த மறதி வருத்தம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

தோட்டக்காரியின் முகம் வெண்ணெயாக உருகியது. என் கையைப் பிடித்து, கைக்குழந்தையோடு கதைப்பதுபோல இழுத்து இழுத்துக் கதைத்தாள். எனக்குப் புத்தி நல்லாய்த்தான் இருக்கிறது என்று தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் பை? நான் வாயைக் கொஞ்சம் பிளந்து வானத்தைப் பார்த்தேன். கூத்தாடிகள் தோற்றுப் போவார்கள். அவள் பையை என்னிடமே தந்து, ஒரு ஸ்ட்ரோபெரியை என் வாயிலும் வைத்தாள். தின்றேன். இனித்தது, அதுதான் வெட்கக்கேடு.

காரில் கேட்டேன்: "உனக்கு வேறை வருத்தம் கிடைக்கேல்லையோ? சீனி வருத்தம் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சீனி வருத்தக்காரர் பூவின்ர தலையைக் கிள்ளுவினமோ? பூ கிடைச்சதெல்லோ, பிறகென்ன?"

மாலை இவருக்குப் படச் சட்டத்துக்குக் கீழேயும் தொங்கியது. வந்தவர்களுக்குச் சுதா கதையைச் சொல்லி, வாயைப் பிளந்து நடித்தும் காட்டினாள். வீடே குலுங்கிச் சிரித்தது. நான் வடை பரிமாறினேன். அதற்குப் பிறகு இவருடைய திவசம் என்றால் படையல் ஒரு பக்கம், இந்தக் கதை ஒரு பக்கம். இவரைப் பற்றி யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை.

இந்த வருசம் பாயாசத்துக்குச் சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டேன். சுதா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். இதோ, கதையைத் தொடங்கப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் புருசனைப் பார்த்தாள். பிறகு, தோட்டக்காரி கதைத்த அதே குரலில், "அம்மா, டொக்டரைப் போய்ப் பார்க்க ஒரு டெர்மின் எடுக்கட்டோ?" என்றாள்.

நான் வாயைப் பிளந்து, வானத்தைப் பார்த்து, அந்தத் தோட்டத்து முகத்தை நானே வைத்துக் காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.